கொதிக்க வைத்த கடற்பஞ்சு

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் குக்கர். காலையில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும், எந்தக் குடுவை கழுவாமல் கிடக்கிறது, யார் கையுறை போடாமல் தட்டைத் தொட்டார்கள் என்று அவள் ஆரம்பித்தால், பக்கத்து அறைக்காரர்கள் "இன்னிக்கு எத்தனை விசில்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். அதற்காக அவள் கோபப்பட்டதில்லை. கோபப்படுவதற்கு அதைவிட உருப்படியான விஷயங்கள் அவளிடம் நிறைய இருந்தன.

அவள் வேலை கடற்பஞ்சுகளோடு. பார்த்தவர்கள் செடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் காலத்தைத் தள்ளும். ஓடக் கால் இல்லை, கடிக்கப் பல் இல்லை, ஒளிந்துகொள்ள ஓடும் இல்லை. தின்ன வருகிற மீனிடமிருந்து தப்ப அதற்கு இருக்கிற வழி, உடம்புக்குள்ளேயே விஷம் காய்ச்சி வைத்துக்கொள்வதுதான். அந்த விஷங்களில் ஏதாவது ஒன்று மலேரியாக் கிருமியைக் கொல்லாதா என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் மலேரியாவில் செத்தார். மருந்து கிடைக்காமல் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினார், காய்ச்சல் இறங்கவில்லை. அந்த மாத்திரைக்குக் கிருமி பழகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி மருந்துக்குப் பழகுமாம், மனுஷன் மட்டும் எதற்கும் பழகாமல் செத்துப்போவானாம்! அன்றைக்கு மூண்ட ஆத்திரம் அவளைப் படிக்க வைத்தது, வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நாற்பதைத் தாண்டிய பிறகும் அது அணையவில்லை.

கடற்பஞ்சு கொண்டுவந்து கொடுப்பவன் ஒரு முக்குளிப்பவன். தண்ணீருக்குள் வெகுநேரம் தம் கட்டுவான் என்பதால் துறைமுகத்தில் அவனுக்கு மூச்சு என்று பெயர். ஐஸ் பெட்டியைப் பின்வாசலில் வைத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவள் பஞ்சை நறுக்கி, சாராயத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, வற்ற வைத்து, மிஞ்சுகிற பிசினைப் பகுதி பகுதியாகப் பிரிப்பாள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சொட்டை மலேரியாக் கிருமி வளரும் தட்டில் விடுவாள். கிருமி வளர மனித ரத்தம் வேண்டும், காற்று குறைவாக வேண்டும். அதற்காகத் தட்டுகளைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, உள்ளே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடுவாள். காற்றைத் தின்று தீர்த்துவிட்டுச் சுடர் தானாக அவியும். நாள் தவறாமல் கிருமிக்குப் புது ரத்தம் ஊட்ட வேண்டும். பெற்ற பிள்ளையையாவது ஒரு நாள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், இதை விட முடியாது. "கல்யாணம் பண்ணிக்க உனக்கு எங்கக்கா நேரம்?" என்று தம்பி கேட்பான். "நேரம் இருக்குடா, பொறுமைதான் இல்ல" என்பாள்.

பல வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, மஞ்சளும் பழுப்புமாக விரல் விரலாக இருக்கும் ஒரு பஞ்சு வந்தது. அதன் ஒரு பகுதியைச் சொட்டுவிட்ட தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ரத்த அணுக்களுக்குள் மோதிரம் போல உட்கார்ந்திருக்க வேண்டிய கிருமிகள் சுருங்கிப் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான். அன்று அவள் யாரையும் திட்டவில்லை. உடம்புக்கு என்னவோ என்று கூட இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கிருமியைக் கொன்ற அதே பகுதியைக் கல்லீரல் அணுக்கள் மேல் விட்டுப் பார்த்தாள். அவையும் செத்தன. கிருமியைக் கொல்லத் தேவையான அளவும் கல்லீரலைக் கெடுக்கிற அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதாவது, இப்போதைக்கு இது மருந்து அல்ல, விஷம். அதன் உருவத்தை மாற்றி, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கழிக்க முடியுமா என்று பார்க்க இன்னும் பல வருஷம் ஆகலாம். முடியாமலும் போகலாம்.

இயக்குநரிடம் போய் இதைச் சொன்னாள். இயக்குநருக்கும் ஒரு பெயர் உண்டு, மைக். கையில் ஒலிபெருக்கி கிடைத்தால் அதைப் பிடுங்க ஆள் வர வேண்டும். "சரிம்மா, சரி. அதப் பிறகு பாத்துக்கலாம்" என்று தலையாட்டினார். தலையாட்டியதால், சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டிவியில் அவர் முகம். மலேரியாவுக்குக் கடலில் மருந்து இருக்கிறது, எங்கள் நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது, இந்தக் கரையின் பாறைகளிலேயே அது விளைகிறது. கையில் அந்த மஞ்சள் பஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லீரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'வாய்ப்பு' என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் இருமலோடு.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். படகு எஞ்சின் மெக்கானிக். கையில் கிரீஸ் கழுவப்படாமல் இருந்தது. போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடா? பின்னால வெள்ளைக் கோட்டோட ஓரமா நிக்கிறது யாரு? எங்கக்கா! கண்டுபிடிச்சதே எங்கக்காதான்!"

"போனை வை. அது மருந்து இல்லடா" என்றாள்.

"சும்மா இருக்கா. உனக்கு எப்பவும் தன்னடக்கம்."

"தன்னடக்கமா? எனக்கா? அந்த ஆளு பொய் சொல்றாருடா. அத குடிச்சா ஈரல் போயிடும்."

"அதெல்லாம் சரி பண்ணிடுவ நீ" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆளுக்குப் போன் போட்டான். தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விடுங்க அண்ணி, உங்க தம்பி இவ்வளவு சந்தோஷமா இருந்து எத்தன நாளாச்சு" என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மழைக்காலம் பிடித்தது. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கொசு, கொசுவுக்குப் பின்னால் காய்ச்சல். ஆய்வகத்தைக் கூட்டுகிற அம்மாதான் ஒரு நாள் சொன்னாள்: துறைமுகத்தில் பஞ்சைக் கொதிக்க வைத்து பாட்டிலில் விற்கிறார்களாம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல் ஜனம் அங்கே நிற்கிறதாம். அவள் நேரே இயக்குநரிடம் ஓடினாள்.

"ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். இப்ப நாம எதையாவது சொல்லப் போய், இல்லாததையும் பொல்லாததையும் கெளப்பி விடாத" என்றார்.

அந்த வாரமே தம்பிக்கு உடம்பு சுட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போடா. ரத்தம் குடுத்துப் பாரு" என்றாள். "போயாச்சு, மருந்தும் சாப்டாச்சு" என்றான். ரத்தம் ஊட்ட வேண்டிய தட்டுகள் காத்திருந்தன. அவள் நம்பிக் கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் ஆய்வகத்துக்குப் போன் வந்தது. "அண்ணி, அவரு என்னென்னமோ பேசறாரு. என்னையே யாருன்னு கேக்கறாரு." அவள் போய்ப் பார்த்தபோது அவன் கண்வெள்ளை மஞ்சள் பூத்துக் கிடந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எஞ்சின் கடையிலிருந்து ஆள் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவசர சிகிச்சை அறையில் இருந்த பெண் டாக்டர் சின்னப் பெண். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "கிருமி ரொம்ப ஏறியிருக்கு, மூளையத் தொட்டிருக்கு" என்றாள். ஊசியைப் போட்டுக்கொண்டே, "இதுவரைக்கும் என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

தம்பி மனைவி அழுதுகொண்டே பதில் சொன்னாள். "அண்ணியோட மருந்துதான் டாக்டர். அந்தக் கடல் மருந்து. துறைமுகத்துல வாங்கிட்டு வந்தாரு. ஒரு வேள விடாம குடுத்தேன்."

குக்கர் என்று பேரெடுத்தவள் அடங்கிய குரலில் கேட்டாள், "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"குணமானதும் சொல்லலாம்னாரு. அக்காவோட மருந்து மொதல்ல நமக்குத்தான் கேக்கணும்னாரு. நீங்க அசந்து போகணும்னாரு."

வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆத்திரம் முதலில் தம்பி மேல் வந்தது. முட்டாள், சொன்னால் காது கேட்காத முட்டாள். அவன் முட்டாள்தனத்துக்குள் இருந்ததெல்லாம் அவள் மேல் வைத்த நம்பிக்கைதான் என்று உறைத்தபோது ஆத்திரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

அப்போது ஒரு வயதான பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் மருமகள் அடுத்த அறையில் இருந்தாள், வயிற்றில் குழந்தையோடு. "அம்மா, அந்த மருந்தக் கண்டுபிடிச்சவங்க நீங்கதான்னு உள்ள பேசிக்கிட்டாங்க. எங்ககிட்ட இருந்தது தீந்துபோச்சு. மிச்சம் இருந்தா எம் மருமகளுக்குக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று கை நீட்டினாள்.

"அது விஷம்! அந்தத் தண்ணியாலதான் எல்லாம் சாகுது, இன்னும் கேக்குறியா?" அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, திட்டு வாங்கிப் பழகியவள் போலப் பின்னால் நகர்ந்தாள். அந்த நகர்வைப் பார்த்ததும், அடித்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அந்த மருமகள் செத்துப்போனாள். குழந்தையும் பிழைக்கவில்லை. காய்ச்சலா, கஷாயமா, எது கொன்றது என்று டாக்டரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. "சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஊசிக் குப்பியைக் குப்பைத் தொட்டியில் வீசி எறிந்தாள்.

தம்பிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவள் ஆஸ்பத்திரியை விட்டு நேராகத் துறைமுகத்துக்கு நடந்தாள்.

வலை காயப்போடும் திடலில் மூன்று அடுப்பு எரிந்தது. பெரிய அலுமினியப் பானைகளில் பஞ்சு கொதித்து, அழுகின நாற்றமும் உப்பு வாடையும் கலந்து வந்தது. பானைக்குப் பக்கத்தில் துடுப்பைக் கரண்டியாக வைத்துக் கிளறிக்கொண்டிருந்தவன் மூச்சு. அவள் ஒரு விறகுக் கட்டையை எடுத்து முதல் பானையைக் கவிழ்த்தாள். வரிசையில் நின்றவர்கள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"மேடம்! பைத்தியமா உங்களுக்கு?"

"கொலகாரா! என் தம்பி அங்க கெடக்கான். ஒரு புள்ளத்தாச்சி செத்துட்டா. எவ்வளவு வித்த? எத்தன பேருக்கு வித்த?"

மூச்சு துடுப்பைக் கீழே போட்டான். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவனுக்கும் கோபம் வந்தது. "வித்தேன். ஏன் விக்கக் கூடாது? வருஷக்கணக்கா உங்களுக்குப் பஞ்சு எடுத்துத் தரேன். ஒரு நாளாவது எதுக்குன்னு சொல்லியிருக்கீங்களா? பின்வாசல்ல வெச்சிட்டுப் போன்னுதான சொன்னீங்க? உங்க ஐயா டிவியில சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. இத்தன நாளா மருந்தக் கையில எடுத்துக் குடுத்துட்டு, எம் பொண்டாட்டியக் காய்ச்சல்ல போட்டு வெச்சிருந்தேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவளுக்கும் இதத்தான் குடுத்தேன்!"

"இப்ப எங்க அவ?"

"வீட்ல படுத்திருக்கா."

"கண்ணு மஞ்சளா இருக்கா?"

அடுத்த பானையை அவனே உதைத்துத் தள்ளினான். பிறகு வீட்டைப் பார்த்து ஓடினான்.

கொதித்த பஞ்சு சேற்றில் பரவிக் கிடந்தது. பாறையிலிருந்து அடியோடு பெயர்த்த பஞ்சு, சாக்குச் சாக்காக இன்னும் அடுக்கியிருந்தது. ஒரு சிட்டிகை பிசினுக்கு அவள் எவ்வளவு பஞ்சு நறுக்க வேண்டியிருந்தது என்று நினைத்தாள். இங்கே கொதித்த தண்ணீரில் கிருமியைக் கொல்லும் சரக்கு இருந்திருந்தாலும் அது கொதியில் கெட்டிருக்கும். அல்லது தண்ணீரில் கரையாமல் பானையிலேயே நின்றிருக்கும். அந்தப் பஞ்சின் உடம்பில் வேறு என்னென்ன விஷம் உண்டோ அது மட்டும் பாட்டிலில் இறங்கியிருக்கும். இதையெல்லாம் யார் யாருக்குச் சொல்லியிருக்கிறோம்? மூச்சும் அதைத்தான் கேட்டிருந்தான்.

இயக்குநர் அறையில் அன்று மேசையைத் துடைத்து, கண்ணாடிக் குவளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம்.

"மறுப்பு குடுங்க சார். இன்னிக்கே. டிவியில, ரேடியோவுல, எல்லாத்துலயும்."

"நான் என்ன தப்பா சொன்னேன்? வாய்ப்பு இருக்குன்னுதான சொன்னேன்."

"இருமிக்கிட்டே சொன்னீங்க. ஈரல் அணு சாகுதுன்னு நான் உங்க முன்னாடி நின்னு சொன்னேனா இல்லையா?"

"ஆராய்ச்சின்னா ஏத்த இறக்கம் இருக்கும். ஜனங்க முட்டாள்தனத்துக்கு நான் பொறுப்பா?"

"என் தம்பிய முட்டாள்னு நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது."

"குரலக் கொறைம்மா. நிறுவன ஆளு வெளியில பேசக் கூடாதுன்னு விதி இருக்கு தெரியுமில்ல? இந்தத் திட்டமே நின்னு போனா நஷ்டம் உனக்குத்தான்."

அது உண்மைதான். திட்டம் நின்றால் அவளுடைய இத்தனை வருஷமும் நிற்கும். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அடுக்கியிருந்த குவளைகளை ஒரு கையால் மேசையிலிருந்து வழித்துத் தள்ளினாள். அது தேவையில்லாத காரியம். ஆனால் அதைப் பற்றி அவள் பின்னாளிலும் வருத்தப்பட்டதாக யாரும் கேள்விப்படவில்லை.

விடிந்ததும் மீன் ஏலக் கூடத்துக்குப் போனாள். படகுகள் வந்து, தரையெல்லாம் ஐஸும் செதிலுமாக இருந்தது. ஏலம் விடுகிறவர் கையிலிருந்து ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினாள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. திட்டத்தான் வரும், திட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்தக் கடல் பஞ்சுத் தண்ணி மருந்து இல்ல. அத ஆராய்ச்சி பண்றவ நான். ஈரலக் கெடுக்குதுன்னு எனக்குத் தெரியும், எங்க இயக்குநருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் டிவியில சிரிச்சாரு. இப்ப ஆஸ்பத்திரியில போடற ஊசிகூட ஒரு செடியில இருந்து வந்ததுதான். ஆனா செடிக்கும் ஊசிக்கும் நடுவுல எத்தனையோ பேரு உக்காந்து அளந்திருக்காங்க. இந்தப் பஞ்ச இன்னும் யாரும் அளந்து முடிக்கல. காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. போய்த் தொலைங்க!"

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அன்னிக்கு மருந்துன்னீங்க, இன்னிக்கு விஷம்ங்கறீங்க. எத நம்பறது?"

நியாயமான கேள்வி. அப்போது மூச்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் மனைவி முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். ஒலிபெருக்கியை வாங்கி, "காய்ச்சினவன் நான். என் வீட்லயே ஊத்திக் குடுத்தேன். பாட்டில் வெச்சிருக்கிறவங்க சாக்கடையில ஊத்துங்க. மிச்சத்த எங்கிட்ட வந்து கேளுங்க, செருப்பால அடிக்கணும்னாலும் வந்து அடிங்க" என்றான். அவன் குரல் உடைந்தது. அவள் திட்டியதைவிட அது நன்றாக எடுபட்டது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நீண்டது.

தம்பிக்கு அந்த வாரக் கடைசியில் நினைவு வந்தது. ஈரல் மெல்லத் தேறியது. ஆனால் காய்ச்சல் அவன் செவியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன், இப்போது எஞ்சின் மேல் கையை வைத்து அதிர்வைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மூச்சின் மனைவியும் பிழைத்தாள்.

அவளுக்கு மெமோ வந்தது: விதியை மீறி வெளியில் பேசியது, குவளைகளை உடைத்தது. விசாரணை நடந்தது. குவளைகளை ஒப்புக்கொண்டாள், பேசியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றாள். ஆய்வகத்திலிருந்து எடுத்து, குடிதண்ணீர் சோதிக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் இன்னும் பெரிய ஊரில், இன்னும் பெரிய நாற்காலிக்குப் போனார். செத்துப்போன மருமகளின் மாமியாரைத் தேடிக்கொண்டு அவள் இரண்டு தடவை போனாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து, உள்ளே வரச் சொல்லாமல், வாசலிலேயே நின்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள்.

புது இயக்குநர் வந்து பழைய அறிக்கைகளைப் படித்த பிறகு அவளைத் திரும்ப அழைத்தார். கரைப் பாறைகளில் மஞ்சள் பஞ்சு துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. மறுபடி முளைக்கப் பல காலம் ஆகும் என்றான் மூச்சு. உறைபெட்டியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வைத்து, அந்தச் சரக்கைக் காய்ச்சுவது பஞ்சா, பஞ்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிரா என்று அவள் பார்க்க ஆரம்பித்தாள். நுண்ணுயிர் என்றால் அதைத் தனியே வளர்த்துக்கொள்ளலாம், பாறையைச் சுரண்ட வேண்டியதில்லை. இன்னும் விடை வரவில்லை. ஈரலைக் கெடுக்கும் குணமும் இன்னும் போகவில்லை.

வீட்டில் இப்போது எல்லாரும் உரக்கப் பேசுகிறார்கள். தம்பிக்கு வலது காதுப் பக்கம் நின்று சொன்னால் கொஞ்சம் கேட்கும். சாயங்காலம் அவள் வந்ததும், "என்னக்கா, இன்னிக்கு ஏதாவது கெடச்சுதா?" என்று அவன் கேட்பான்.

"இல்லடா!"

"என்ன?"

"இல்லன்னு சொன்னேன்டா செவிடா! வாயில எதையும் ஊத்திக்காம சும்மா கெட!"

தெருவில் போகிறவர்கள் ஏதோ சண்டை என்று நின்று பார்ப்பார்கள். தம்பி சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவான். அவளுக்குச் சிரிப்பு வராது.